லக்கி கோல்டுக்கு மூன்றாவது பெயர்

கன்னடச் சீமையில், தேவராஜ மொஹல்லாவில் ஒரு வண்ணமீன் கடையில் கொஞ்ச காலம் வேலை பார்த்தேன். செங்கல் சூளை, லாரி கிளீனர் என்று சுற்றிவிட்டு வந்தவனுக்கு அது சுலபமான வேலை. வாளிகளுக்கு நடுவே படுத்துக்கொள்ளலாம். முதலாளி ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். அவரிடம் எனக்கு ஆகாதது ஒன்றுதான்: விற்காத மீனுக்குப் பெயரை மாற்றிவிடுவார். தொட்டிக் கண்ணாடியில் ஒட்டிப் பாசி தின்னும் ஒரு மஞ்சள் மீன் முதலில் 'கிளீனர்'. யாரும் சீண்டாததால் 'லக்கி கோல்டு' ஆனது.

அதை வாங்கிப்போன நர்ஸம்மா சில மாதம் கழித்துக் கோபமாக வந்தார். படுக்கையில் கிடக்கும் அவருடைய அம்மாவுக்கு நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க இருப்பது ஒரே ஒரு கோல்டு ஃபிஷ். லக்கி கோல்டு வளர்ந்ததும் பாசியை விட்டுவிட்டு கோல்டு ஃபிஷ்ஷின் விலாவைச் சுரண்டுகிறதாம். சதை தெரிகிறதாம். செல்போனில் தேடினால் லக்கி கோல்டு என்று ஒரு மீனே இல்லை.

"லக்கி கோல்டுன்னா லக்கி கோல்டுதானுங்க," என்றார் முதலாளி.

நர்ஸம்மா என் பக்கம் திரும்பினார். "மாத்திரைக்குக் கம்பெனி ஆளுக்கொரு பேரு வெக்கும். உள்ள இருக்கற மருந்துக்கு எங்க போனாலும் ஒரே பேருதான். அந்தப் பேரைச் சொல்லுங்கண்ணா."

எனக்கு என்ன தெரியும்? மீன் அனுப்பும் சென்னை வியாபாரிக்குப் போன் போட்டேன். சலித்துக்கொண்டே சொன்னார்: கைரினோகைலஸ் அய்மோனியரி. நர்ஸம்மா தேடியதும் எல்லாம் வந்தது. வளர்ந்தபின் மற்ற மீன்களின் மேல்தோலை உறிஞ்சுமாம், தனியாக வைக்க வேண்டுமாம். அன்றைக்கே அதைப் பாலித்தீன் பையில் கொண்டுவந்து கொடுத்தார். கோல்டு ஃபிஷ் பிழைத்துக்கொண்டது.

முதலாளி மூன்றாவது பெயர் யோசித்தார். எனக்குப் பொறுக்கவில்லை. மீனைத் தனித் தொட்டியில் விட்டு, அந்த நீளப் பெயரையே எழுதி ஒட்டினேன்.

"இது எவன் வாயில நுழையும்? ஏவாரத்தைக் கெடுக்கறயேப்பா," என்றார்.

வாயில் நுழையாததுதான் வினையானது. பெயரைப் பார்த்து வெளிநாட்டு மீன் என்று நம்பிய ஒருவர் பேரம் பேசாமல் வாங்கினார். கோல்டு ஃபிஷ்ஷோடு விடவே கூடாது என்று கன்னடத்தில் படித்துப் படித்துச் சொன்னேன். நன்றாகத் தலையாட்டினார். பிறகு, அப்படியே இரண்டு கோல்டு ஃபிஷ்ஷும் கொடுக்கச் சொன்னார்.

முதலாளி வலையை எடுத்தார். நான் கோல்டு ஃபிஷ் தொட்டியை மறைத்துக்கொண்டு நின்றேன். அந்தக் கடையில் நான் கடைசியாக நின்ற இடம் அதுதான்.