சித்தி ரவிக்கையோடு கொச்சிச் சீமைக்குப் போனது

எங்கள் குடும்பத்தில் ரவிக்கை போட்ட முதல் பெண் சித்திதான். அதுவும் சொந்த ஊரில் இல்லை, கொச்சி ராஜாவின் சீமையில்.

அன்னூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்தக் காலத்தில் அங்கே கல்யாணமான பெண்கள் வெறும் சேலைதான் கட்டியிருந்தார்கள். சித்திக்கு அவிநாசியில் இருந்த பிறந்த வீட்டார் ஊதா நிறத்தில் ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்திருந்தார்கள். அதைப் பார்த்த பெரியப்பா, "இதென்ன நாடகக்காரியாட்டம்?" என்றார். அத்தோடு அது பெட்டிக்குள் போய்விட்டது. அண்ணனை எதிர்த்துப் பேசிச் சித்தப்பாவுக்குப் பழக்கமில்லை.

சித்திக்கு வெகுகாலமாகக் குழந்தை இல்லை. திருச்சூர்ப் பக்கம் ஒரு பகவதி கோயிலில் வேண்டிக்கொண்டால் பிறக்கும் என்று யாரோ சொல்லவே, இருவரும் புறப்பட்டார்கள். வரம் கேட்கப் போகும்போது ஒரு குழந்தை கூட இருந்தால் நல்லது என்று ஏழு வயதான என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். பகவதிக்கு மாதிரி காட்ட என்னைவிட நல்ல பிள்ளை கிடைக்காது என்று நானே நினைத்துக்கொண்டேன்.

பெரியப்பாவும் மனமிரங்கினார். "அந்தச் சீமையில நம்ம சனம் யாரு பாக்கப்போறாங்க? போட்டுக்கட்டும். திரும்பி வாரப்ப போத்தனூர் டேசன் வந்ததும் கழட்டிப்போட்றோணும்."

ரயிலில் சித்தி ரவிக்கை போட்ட தன் கையையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாலக்காடு தாண்டியதும் எங்கு பார்த்தாலும் பச்சை. திருச்சூரில் இறங்கினால், வளர்ந்த பெண்கள் புத்தகத்தோடு கூட்டமாகப் பள்ளிக்கூடம் போனார்கள். சித்தி நின்று பார்த்தாள்.

"இங்கயே இருந்துக்கலாமாட்ட இருக்குது கண்ணு" என்றாள்.

கோயில் வாசலில் காவல்காரர் எங்களை நிறுத்தினார். தைத்த துணியோடு உள்ளே போகக் கூடாதாம். சித்தப்பா சட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். சின்னப் பிள்ளை என்று என்னை விட்டுவிட்டார்கள். சித்தியை ரவிக்கையைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார்கள்.

"செத்த நேரந்தானே அம்மணி, கழட்டிப்போட்டு வந்துரு" என்றார் சித்தப்பா.

சித்தி உள்ளே எரிந்த விளக்குகளைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"ஊட்லயும் வேண்டாங்கறாங்க, சாமியும் வேண்டாங்குது. அப்பறம் நான் எங்கதானுங்க போட்டுக்கறது? நீங்க போய்க் கும்பிட்டு வாங்க."

சொல்லிவிட்டு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்குத் துணையாக நானும் உட்கார வேண்டியதாயிற்று. உள்ளே யானை நின்றது. எனக்கு ஒரே ஆத்திரம். அவ்வளவு அழகான ஊரில் இவ்வளவு கறாரான சாமியா? அந்தச் சீமையை நினைத்தால் ஆசையும் கோபமும் சேர்ந்தே வருவது எனக்கு இன்றைக்கும் மாறவில்லை.

சித்தப்பா வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். இலையில் கொண்டுவந்த சந்தனத்தை, அத்தனை பேர் பார்க்க, தன் கையாலேயே சித்தியின் நெற்றியில் இட்டார்.

போத்தனூர் நெருங்கியபோது சித்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பொத்தானை அவிழ்க்கப் போனாள். சித்தப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னார்:

"இருக்கட்டும் அம்மணி. அண்ணங்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

சித்தி முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். எனக்குப் பாவமாகிவிட்டது. சாமியைப் பார்க்காமல் வந்ததற்குத்தான் அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த தடவை ரவிக்கையை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தால் போதும், சாமியைப் பார்த்துவிடலாம் என்று அவள் கண்ணைத் துடைத்துத் தேற்றினேன்.