ஆறாம் நம்பர் ட்ரையர் அடித்த காசு

நோரீன் டட்டிலின் பெயரை எங்கள் மில்பர்ன் ஊரில் எழுத்தில் பார்க்கவேண்டும் என்றால் ஒரே ஓர் இடம்தான் இருந்தது. அவளுடைய சலவைக் கடையில், ஓடாத இயந்திரங்களின் நெற்றியில் ஒட்டியிருக்கும் காகிதம். 'வேலை செய்யாது. நோரீனைக் கேளுங்கள்.' ஒருவரும் கேட்டதில்லை. இயந்திரம் காசை விழுங்கிய பிறகு வந்து சத்தம்தான் போடுவார்கள். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு பெண்ணுக்குத் தன் பெயர் இதைவிடக் கொஞ்சம் கௌரவமான இடத்தில் இருக்கவேண்டும் என்று தோன்றினால், அதைப் பேராசை என்று நான் சொல்லமாட்டேன்.

அந்தக் கௌரவமான இடம் எங்கள் ஊர் நூலகத்தின் கண்ணாடிப் பெட்டி. நாணயச் சங்கத்து ஆட்கள் தாங்களாகக் கண்டுபிடித்த, அச்சடிக்கும்போதே தவறாகிப்போன பிழைக் காசுகளில் சிறந்த ஒன்றை ஒவ்வொரு வசந்த காலத்திலும் அதில் வைப்பார்கள். பக்கத்தில் ஓர் அட்டை, அட்டையில் கண்டெடுத்தவர் பெயர். சில வருடங்களாக அங்கே குடியிருந்தது டாக்டர் வெர்ன் டட்டிலின் பெயர். வெர்ன் ஊருக்குப் பல் டாக்டர், சங்கத்துக்குத் தலைவர், நோரீனின் கணவன் லைலுக்கு அண்ணன். இந்த மூன்றில் எது அவனுக்கு அவ்வளவு தலைக்கனத்தைக் கொடுத்தது என்று யாருக்கும் தெரியாது.

போன வருடம், குடும்பமே கூடிச் சாப்பிடும் நன்றி நாள் விருந்தில், வான்கோழியை வெட்டிக்கொண்டே வெர்ன் தன் புதுக் காசைப் பற்றி அளந்து கொண்டிருந்தான். நோரீன் வாய் தவறி, "எனக்கும் காட்டிக் குடேன், கத்துக்கறேன்" என்றாள்.

"உனக்கு எதுக்கு நோரீன்? இதுக்கெல்லாம் பொறுமை வேணும்."

முப்பது வருடமாக ஊரார் விட்டுப்போன ஒற்றைக் காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருக்கும் பெண்ணிடம் சொல்கிற பேச்சா இது! அடுத்த கூட்டத்திலேயே அவள் சங்கத்தில் சேர்ந்துவிட்டாள். இந்த வருடம் கண்ணாடிப் பெட்டியில் தன் பெயர் இல்லாவிட்டால் வெர்ன் வீட்டு வான்கோழியைத் தொடுவதில்லை என்று லைலிடம் சத்தியமும் செய்தாள்.

ஆரம்பம் படுமோசம். முதலில் அவள் கொண்டுபோனது லிங்கனின் கன்னம் பாதி காணாமல் போன ஒரு பென்னி, அதாவது ஒரு சென்ட் காசு. வெர்ன் பல்லுக்குப் போடும் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தான்.

"இது அச்சடிக்கும்போது வந்த பிழை இல்ல. புல்லு வெட்டுற மெஷின்ல சிக்கினது."

அடுத்து, எழுத்தெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்த ஒரு பென்னி. இதற்காக உலகமே ஏங்குகிறது என்று அவள் ஒரு புத்தகத்தில் படித்திருந்தாள். கூட்டமே எழுந்து நின்று வாங்கி வாங்கிப் பார்த்தது. யாருக்கும் இரண்டாகத் தெரியவில்லை. தூரம், கிட்டம் இரண்டுக்குமான புது மூக்குக்கண்ணாடியின் நடுக்கோடு வழியாகப் பார்த்திருக்கிறாள் மகராசி. அன்றைக்கு அவளுக்கு வெர்ன்கூட இரண்டாகத்தான் தெரிந்தான், அதுதான் பெரிய கொடுமை.

மூன்றாவதில் லிங்கனின் மூக்கின்மேல் ஒரு புடைப்பு. வெர்ன் பல் குத்தும் கொக்கியால் லேசாகச் சுரண்டி, முகர்ந்து பார்த்தான்.

"சூயிங்கம். புதினா வாசனை."

வேறு யாராக இருந்தாலும் பெட்டியைக் கட்டியிருப்பார்கள். நோரீன் விடவில்லை. அச்சிலேயே பிழை இருந்தால் எழுத்தின் மூலை பிளந்து தெரியும். அடிக்கும்போது ஆட்டம் கண்டிருந்தால் எழுத்துக்குப் பக்கத்தில் தட்டையாக ஒரு படி விழுந்திருக்கும், அதற்கு மதிப்பில்லை. முலாம் பூசும்போது காற்று புகுந்தால் கொப்புளம். இதையெல்லாம் துணி மடிக்கிற மேசையில் உட்கார்ந்து, வங்கியிலிருந்து வாங்கிவந்த பென்னிக் கட்டுகளைப் பிரித்துப் பிரித்துக் கற்றாள். லைல் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போனான்.

"அரசாங்கமே பென்னி அடிக்கறத நிறுத்திடுச்சு. நீ என்னடான்னா மூட்டை மூட்டையாக் கொண்டாந்து வீட்டுல அடுக்கற."

"அதனாலதான் பாக்கறேன். இனிமே புதுசா யாரும் தப்புப் பண்ணப் போறதில்லையே."

"ஏன், நான் இருக்கேனே?" என்றான் லைல், கொஞ்சம் பெருமையாகவே.

அந்தத் தப்புக்கு வருகிறேன். கடையில் துணி உலர்த்துகிற ஆறாம் நம்பர் ட்ரையர் வெகுகாலமாக 'டக்கு டக்கு' என்று ஒரு சத்தத்தோடுதான் சுற்றும். வசந்தக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு வாடிக்கையாளர் தலைவலி என்று கத்தவே, லைல் அதைக் கழற்றினான். உருளைக்கும் தகட்டுக்கும் நடுவே சிக்கிக் கிடந்த ஊக்கு, பொத்தான், சில்லறை எல்லாவற்றையும் வழித்து மேசைமேலிருந்த சில்லறைத் தகர டப்பாவில் கொட்டினான். சத்தம் நின்றது. பென்னிக்குள் மூழ்கியிருந்த நோரீனுக்கு அது நின்றதே தெரியாது.

மறுநாள் அந்த டப்பாவைக் கிளறியபோதுதான் அவளுக்கு மூச்சு நின்றது. ஒரு செம்புப் பென்னி. மற்றப் பென்னிகளைவிடச் சின்னது. விளிம்பு வடைபோலத் தடித்து உயர்ந்திருந்தது. ஓரத்து எழுத்துகளில் பாதி அந்த விளிம்புக்குள் மறைந்திருந்தன. கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தாள், மாட்டிப் பார்த்தாள். முகர்ந்தும் பார்த்தாள். புதினா இல்லை.

தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் கூட்டம். ஒரு பக்கம் காப்பிப் பாத்திரம், ஒரு பக்கம் டோனட் பெட்டி. டோனட்டுக்காகவே லைலும் வந்திருந்தான். வெர்ன் காசைக் கையில் வாங்கினான், சிரிக்கத் தயாராக வாயைக்கூடத் திறந்துவிட்டான். திறந்த வாய் அப்படியே நின்றது.

"நோரீன்... எங்கேருந்து கிடைச்சுது இது?"

"கடையில வந்த சில்லறைல, டாக்டரே."

"எல்லாரும் இங்க வாங்க! அந்தக் காலத்துல நம்ம அரசாங்க நாணயசாலைல வெளிநாட்டுக்கும் காசு அடிச்சுக் குடுத்தாங்க. அந்தச் சின்னத் தகடு ஒண்ணு வழி தவறிப் பென்னி வரிசைக்குள்ள வந்திருக்கு! இது சாதாரணக் காசு இல்ல!"

வெர்ன் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். தன் தலைவர் நாற்காலியை அவன் இழுத்து அவளுக்குப் போட்டதை அவள் சாகும்வரை மறக்கமாட்டாள்.

கண்ணாடிப் பெட்டியின் சாவி நூலகர் அகஸ்டா பீலிடம் இருக்கும். அவளுக்கு எதையும் நிறுத்துப் பார்க்காமல் உள்ளே வைக்கிற பழக்கம் கிடையாது. கூட்டத்துக்கு வந்திருந்த அவள் பையிலிருந்து சின்னத் தராசை எடுத்தாள்.

"வெர்ன், சின்னத் தகடுன்னா எடை குறையணுமே? இது முழுப் பென்னி எடைதான் இருக்கு. ஓரத்துல யாரோ வருஷக்கணக்கா தட்டிக்கிட்டே இருந்த மாதிரி..."

அப்போதுதான் லைல், வாய் நிறைய டோனட்டோடு, எட்டிப் பார்த்தான்.

"அட, இதுவா! நம்ம ஆறாம் நம்பர் ட்ரையர்ல டக்கு டக்குன்னு அடிச்சிட்டிருந்த சனியன் இதானே! நான்தான் நோண்டி எடுத்தேன்."

கூடமே சிரித்த சிரிப்பில் காப்பிப் பாத்திரத்தின் மூடி அதிர்ந்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தவன் வெர்ன், ஒரு நிமிடம் முன்பு நாற்காலி போட்டவன் அல்லவா. நோரீன் காசை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். காரில் ஏறியதும் அழுதாள்.

"வாயில டோனட் இருக்கறப்பவாவது நீ சும்மா இருக்கக்கூடாதா?"

"முழுங்கிட்டுச் சொல்லலாம்னு பாத்தேன், நோரீன். முடியல" என்றான் லைல். உண்மையிலேயே வருந்தினான், பாவம்.

மறுநாள் அகஸ்டா ஒரு கம்பளி மூட்டையோடு கடைக்கு வந்தாள். கம்பளி ஏற்கெனவே துவைத்துக் காய்ந்திருந்தது, அவள் வந்தது அதற்கல்ல.

"பெட்டி காலியாக் கிடக்கு, நோரீன். இந்த வருஷம் வெர்ன் கொண்டாந்தது சந்தையில வாங்கினது. தானாக் கண்டெடுத்தாத்தான் வைக்கணும்னு அவனே எழுதின சட்டம். உன் காசுங்களக் குடு."

"எந்தக் காசு? அதுல ஒண்ணுகூடப் பிழை இல்லையே!"

"அதனாலதான் கேக்கறேன். வாரத்துக்கு ஒருத்தராவது நசுங்கின பென்னியத் தூக்கிட்டு எங்கிட்ட வந்து, 'நான் கோடீஸ்வரனா'ன்னு கேக்கறாங்க. அவங்களுக்கு யாரு பதில் சொல்றது?"

அப்படியாக அந்த வசந்தத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் புல் மெஷின் மென்ற பென்னியும், சூயிங்கம் ஒட்டிய பென்னியும், எல்லாவற்றையும் இரண்டாகக் காட்டிய நோரீனின் மூக்குக்கண்ணாடியும் குடியேறின. நடுவில், நீல வெல்வெட்டின் மேல், தடித்த விளிம்போடு அந்தச் செம்புக் காசு. அட்டையை நோரீனே எழுதினாள். 'கண்டெடுத்தவர்: நோரீன் டட்டில். பிழை: இல்லை. செய்த இடம்: டட்டில் சலவைக் கடை, ஆறாம் நம்பர் ட்ரையர். அரசாங்கம் நிறுத்திவிட்டது, நாங்கள் நிறுத்தவில்லை.'

கடைசி வரி பொய்யில்லை. சத்தம் இல்லாமல் ஓடும் ட்ரையரை வாடிக்கையாளர்கள் ரிப்பேர் என்று நினைத்து உதைக்கவே, லைல் வேறொரு பென்னியை அதே இடுக்கில் செருகி வைத்தான். அதைப் பார்க்கவென்று, வீட்டில் சொந்தமாக இரண்டு சலவை இயந்திரம் வைத்திருக்கும் வெர்ன், ஒரே ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான். பல் பார்க்கிற கண்ணாடிக் குச்சியோடு ட்ரையருக்குள் தலையை விட்டான். அரை மணி நேரம் வெளியே வரவில்லை. நோரீன் கதவைச் சாத்தவில்லை என்பதை அவளுடைய பெருந்தன்மைக்குச் சாட்சியாகச் சொல்வேன்.

அவன் தலை உள்ளே இருக்கும்போதே, வெளியூர்க்காரர் ஒருவர் கைக்குட்டையில் எதையோ பொத்திக்கொண்டு உள்ளே வந்தார்.

"இங்க நோரீன்கிறது யாருங்க? நூலகத்துல அவங்களக் கேக்கச் சொன்னாங்க."

ஆறாம் நம்பரில் ஒட்ட, 'வேலை செய்யாது. நோரீனைக் கேளுங்கள்' என்று எழுதி மேசையில் வைத்திருந்த பழைய காகிதத்தை நோரீன் ஒரு கையால் கசக்கினாள், மறு கையை நீட்டினாள். கண்ணாடிகூட மாட்டவில்லை. ஒரே பார்வைதான்.

"புல்லு வெட்டுற மெஷின்" என்றாள், ட்ரையருக்குள் இருப்பவனுக்கும் கேட்கும்படி.