யூசுஃபிக்காவும் எழுதப்படாத நான்காம் வரியும்

செய்தி மலையாளத்தில் வந்தது. ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், எங்களோடு வேலை பார்க்கும் ஷிபு அனுப்பியிருந்தான். ‘யூசுஃபிக்கா மரிச்சு. ஹார்ட் அட்டாக். அஸருக்கு சேஷம் கபரடக்கம்.’

அஸர் என்ற மாலைத் தொழுகைக்குப் பிறகு அடக்கம்; அதற்குள் போய்ச் சேர வேண்டும். நான் அப்போது மதிய ஷிப்ட்டுக்குப் போகக் கலூர் பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். வேலைக்குப் போகும் பஸ் வந்தது. ஏறவில்லை. மட்டாஞ்சேரிக்குத் திரும்பும் பஸ் வந்தது. அதிலும் உடனே ஏற முடியவில்லை.

அவருக்கு நாற்பத்தேழு வயது.

அவரை அறியாதவர்களுக்காக: இக்கா என்று, அண்ணன் போல, நாங்கள் அழைத்த யூசுஃப் அவர்கள் மட்டாஞ்சேரியில் பிறந்து வளர்ந்த தமிழ் முஸ்லிம் குடும்பத்துக்காரர். சிறிய விமானங்களின் தகடு வேலை அவருடைய தொழில். பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் பதினோரு ஆண்டுகள் இருந்தார். நான் அங்கே பராமரிப்புப் பதிவேடுகள் எழுதுபவள். இருவரும் ஒரே ஊர், ஒரே பஸ். காலையில் முதல் ஆளாக ஏறிச் சன்னலோரத்தில் உட்கார்ந்திருப்பார். நான் ஏறியதும் கேட்பார்.

“என்ன ரைட்டரே, இன்னைக்கு யார் மேல கேஸ்?”

எங்கள் ஊரில் போலீஸ் ஸ்டேஷனில் எழுதுபவரை ரைட்டர் என்பார்கள். பேனா பிடிப்பதால் எனக்கு அந்தப் பெயர். நான் கோபப்பட மாட்டேன் என்று அவருக்குத் தெரியும்.

அவரைப் பற்றி எழுத வேண்டுமென்றால் ஸ்பின்னரைப் பற்றி எழுத வேண்டும். விமானத்தின் மூக்கில், காற்றாடியின் நடுவே, கூம்பாக ஒரு மூடி இருக்கும். அதுதான் ஸ்பின்னர். மெல்லிய அலுமினியம். காற்றாடியோடு சேர்ந்து சுற்றும். பூச்சியும் மணலும் முதலில் அடிப்பது அதன் மேல்தான்.

அதைக் கழற்றும்முன் யூசுஃபிக்கா, கூம்பிலும் அதன் பின்தட்டிலும் மார்க்கர் பேனாவால் ஒரே கோடு போடுவார். எந்த நிலையில் கழற்றினாரோ அதே நிலையில் திரும்பப் பூட்ட. மாறினால் சுற்றும்போது நடுங்கும். பென்சிலைத் தொட விடமாட்டார். பென்சில் கோடு அலுமினியத்தை அரிக்கும். பிறகு சோப்புத் தண்ணீர். மென்மையான துணி. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, கீறல் மேல் கட்டைவிரல் நகத்தை மெதுவாக ஓட்டுவார். நகம் வழுக்கினால் தேய்க்கலாம். நகம் மாட்டினால் தேய்க்கக் கூடாது. முதலில் சாயச் சோதனை.

சாயச் சோதனை எளியது. சிவப்புச் சாயத்தைத் தடவிக் காத்திருப்பது. துடைப்பது. மேலே வெள்ளைப் பொடி தெளிப்பது. விரிசல் இருந்தால் உள்ளே புகுந்த சாயம் வெள்ளையில் கசிந்து சிவப்புக் கோடாக எழும். இல்லையென்றால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கும். அதற்குப் பிறகுதான் நனைத்துத் தேய்க்கும் நீர்த்தாள், மெருகு.

இந்த வரிசையை அவர் ஒரே ஒரு முறை மாற்றினார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்காலம். விமானத்தை வெளியே இழுக்கும்போது இழுவைக் கம்பி ஸ்பின்னரில் உரசிவிட்டது. ஒரு திருகுத் துளையின் அருகே நீளமான கீறல். மறுநாள் காலை புதிய மாணவர்கள் வருகிறார்கள். அந்த விமானத்தின் முன் நிறுத்திப் படம் எடுப்பார்கள். பிறகு அதிலேயே அவர்களை ஏற்றிக்கொண்டு பறப்பார்கள். மேலாளர் மூன்று முறை வந்து பார்த்தார்.

“யூசுஃபே, எனிக்கு இது கண்ணாடி மாதிரி வேணும். முகம் தெரியணும்.”

“உங்க முகமா சார்? அப்போ நல்லாத் தேய்க்கணும்.”

ஷிபு சிரித்தான். மேலாளரும் சிரித்தார். யூசுஃபிக்கா நீர்த்தாளை எடுத்தார். நகம் ஓட்டிப் பார்த்தாரா என்று எனக்கு நினைவில்லை. உச்சிவேளைக்குள் கீறல் மறைந்துவிட்டது. ஸ்பின்னரில் ஹேங்கரின் கூரை தெரிந்தது.

நான் படிவத்தோடு போனேன். சாயச் சோதனைக் கட்டம் காலியாக இருந்தது.

“ஐயோ, அது விட்டுப் போச்சா? கொண்டா.”

செய்தார். வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. ‘விரிசல் இல்லை’ என்று எழுதினேன். படிவத்தில் சோதனை முதல் கட்டம், மெருகு இரண்டாம் கட்டம். இரண்டிலும் டிக் போட்டேன். எது முதலில் நடந்தது என்பதை என் கண்ணால் பார்த்திருந்தேன்.

மாலையில் கலூரில் இறங்கி மட்டாஞ்சேரி பஸ்ஸுக்காக நின்றோம். பஸ் வந்தது. அவர் ஏறவில்லை.

“ரைட்டரே. நான் தேய்ச்சுட்டுல்ல சாயம் போட்டேன்.”

“ஆமா இக்கா.”

“அலுமினியம் மெத்துனு இருக்கும். தேய்ச்சா மேல்தோல் இழுபட்டு விரிசலோட வாயை அடைச்சுரும். அப்புறம் எந்தச் சாயம் உள்ள போகும்?”

“வெள்ளையாத்தானே இக்கா இருந்துச்சு?”

“வெள்ளையாத்தான் இருக்கும். வாயைப் பொத்திட்டு, ஏன் பேசலேன்னு கேட்ட மாதிரி.”

“காலையில போய்ப் பார்க்கலாம்.”

“காலையில அது மேல போயிரும்.”

அங்கேயே நின்று மேலாளருக்குப் போன் செய்தார். “சார், எனக்குத் தெத்துப் பத்திப் போச்சு. அந்த வண்டியை நாளைக்கு எடுக்க வேண்டாம்” என்று சொன்னார். தெத்து, அதாவது தவறு, தன்னுடையது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொன்னார். மறுமுனையில் கத்தல் எனக்கும் கேட்டது. போனை வைத்துவிட்டு, ஹேங்கருக்குத் திரும்பும் எதிர்த் திசை பஸ்ஸில் ஏறினார்.

நான் மட்டாஞ்சேரி பஸ்ஸில் ஏறினேன்.

மறுநாள் காலை ஸ்பின்னர் மேசைமேல் இருந்தது. யூசுஃபிக்கா இரவே அமிலம் கொண்டு மேல்தோலை அரித்து எடுத்திருந்தார். முகம் தெரியவில்லை. மேலே வெள்ளைப் பொடி. திருகுத் துளையிலிருந்து ஒரு சிவப்புக் கோடு. விரல் நீளம். அந்த விமானம் வானில் இருந்திருக்க வேண்டிய நேரம் அது. புதிய மாணவர்கள் வெளியே வேறு விமானத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“ரிப்போர்ட் எழுது. சுருக்கமா” என்றார் மேலாளர்.

பதிவேட்டில் மூன்று வரி எழுதினேன். மெருகேற்றிய பின் சோதனை செய்யப்பட்டது. மறுசோதனையில் விரிசல் கண்டறியப்பட்டது. வரிசை தவறியவர் யூசுஃப்.

மூன்றும் உண்மை. நான்காவதாக ஒரு வரி வேண்டியிருந்தது. பிழையைத் தானே கண்டு, தானே சொல்லி, பறப்பை நிறுத்தியவரும் அவரே. எழுதியிருந்தால் அடுத்த கேள்வி வந்திருக்கும். படிவத்தில் டிக் போட்டவர் எங்கே இருந்தார்? எனக்கு வேலை இன்னும் உறுதியாகவில்லை. ஆறு மாதம் பாக்கி இருந்தது.

யூசுஃபிக்கா நின்றபடியே படித்தார்.

“மூணும் நேருதான், உண்மைதான் ரைட்டரே.”

எங்கள் பதிவேட்டில் கடைசி வரிக்கு ஒட்டியே கையெழுத்துப் போடுவது வழக்கம். பிறகு யாரும் இடையில் எதையும் சேர்த்துவிடக் கூடாது என்பதற்காக. அவர் அன்று இரண்டு விரல் இடம் விட்டுக் கீழே கையெழுத்துப் போட்டார். பேனாவை என் பக்கம் வைத்துவிட்டுப் போனார்.

அந்த இடம் இன்றும் காலியாக இருக்கிறது.

தலைமை அலுவலகத்துக்குப் போனது அந்தப் பக்கத்தின் நகல் மட்டும்தான். நிறுவனத்தின் பெயர் கெடாமல் இருக்க ஒருவர் போக வேண்டியிருந்தது. ஒரு வாரத்தில் அவரை அனுப்பிவிட்டார்கள். விமானத் தொழிலில் அந்தக் காகிதம் ஆளுக்கு முன்னால் போய்ச் சேரும். வேறு எங்கும் அவரை எடுக்கவில்லை.

பிறகு மட்டாஞ்சேரியில் ஒரு கடையில் அலுமினியம் ஜன்னல் சட்டங்கள் அறுத்துக்கொண்டிருந்தார். இரண்டு ஆண்டுகளில் இருமுறை பார்த்தேன். ஒருமுறை நான் மறுபக்கம் நடந்துவிட்டேன். மறுமுறை அவரே கூப்பிட்டார். டீக்கடையில் சாயா வாங்கிக் கொடுத்தார்.

“நல்ல வேலை இது. ஜன்னல் கழண்டு விழுந்தா ஒரு கொசு சாகும். அவ்வளவுதான்.”

சிரித்தார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். “சாயா ஆறுது” என்றார்.

அந்தக் கடையில்தான், சட்டம் அறுக்கும்போது, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் உடலோடு ஜனாஸாவைத் தூக்கிவிட்டிருந்தார்கள். இஞ்சி மூட்டை ஏற்றிய லாரி ஒன்று வழிவிடப் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஆண்கள் தோள் மாற்றி மாற்றிக் கொண்டுபோனார்கள். நான் வீட்டுக்குள் பெண்களோடு உட்கார்ந்தேன். அவருடைய மனைவி சபீரா அக்கா சுவரில் சாய்ந்திருந்தார். பக்கத்திலிருந்த பெண்மணி என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“நல்ல வேலையில இருந்தாரு. ஏதோ அசிரத்தையாச் செஞ்சு கெடுத்துக்கிட்டாரு. அந்த வெசனம்தான்.”

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தவறைத் தானே சொல்லிப் பறப்பை நிறுத்தியதை அவர் வீட்டில் சொல்லவே இல்லை.

சபீரா அக்காவின் அருகே போய் உட்கார்ந்து சொன்னேன். கலூர், போன், எதிர்த் திசை பஸ், மூன்று வரி, என் டிக். எதையும் விடவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

“அவராவா போய்ச் சொன்னாரு?”

“ஆமா அக்கா.”

“ரெண்டு வருஷம். அந்த மனுசனை நான் சொல்லாத சொல்லு இல்ல. வேலை தெரியாதவன்னு சொன்னேன். பிள்ளைங்க முன்னாடி சொன்னேன்.” என் மணிக்கட்டைப் பிடித்தார். “நீ எங்கடீ இருந்த?”

“இங்கதான் அக்கா. இதே ஊர்ல.”

“சத்தமாச் சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்.”

சொன்னேன். அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றது.

“இன்னொருக்கா.”

மறுபடி சொன்னேன்.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். காலில் ஈரமண். வாசல் குழாயில் கழுவிக்கொண்டிருந்தார்கள். சபீரா அக்கா எழுந்தார். துக்கத்தில் இருக்கும் பெண் வாசலுக்குப் போகக் கூடாதென்று யாரோ கையைப் பிடித்தார்கள். உதறிவிட்டுப் போனார். முன்னால் நின்ற ஜன்னல் கடைக்காரரிடம் சொன்னார்.

“கேட்டீங்களா? தெத்தை அவராத்தான் போய்ச் சொன்னாராம். வண்டியை அவராத்தான் நிறுத்தினாராம்.”

கடைக்காரர் தலையை ஆட்டினார். அக்கா அடுத்தவரிடம் திரும்பி, அதே வார்த்தைகளை, முதலிலிருந்து சொல்லத் தொடங்கினார்.

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

இக்கா, நீங்கள் இடம் விட்டுக் கேட்டபோது எழுதவில்லை. உங்களிடம் விடைபெற எனக்கு இந்த நான்காம் வரியைத் தவிர வேறு வார்த்தை இல்லை.