தேர் என்று நான் சொன்ன இயந்திரம்

எங்கள் பட்டறையில் இருந்த துளை போடும் இயந்திரத்தைப் போல அவலட்சணமான ஒரு பொருளை என் ஆயுளில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை. அடியில் ஒரு முழத் தண்டவாளத் துண்டு. அதன்மேல் கொக்கு குனிந்து மீன் பார்ப்பது போல வளைந்த ஓர் இரும்புக் கழுத்து. கழுத்தின் நுனியில் துளை உளி. பின்பக்கத்தில், உடைந்த மாட்டுவண்டியின் இருசு கைப்பிடியாக நீண்டிருக்கும். ஓர் ஆணி இன்னோர் ஆணியோடு ஒத்துப்போகாது. அதைத்தான் நான் ஒருநாள் தேர் என்று சொன்னேன். ஏன் என்று சொல்வதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் நான் கல்யாணமாகிப் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் கொல்லர், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். பட்டறை சந்தைக்குப் போகிற வழியில் இருந்தது, எங்கள் வீடு அதன் முதுகிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. வந்த மூன்றாம் நாளே துருத்தி என் கைக்கு வந்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றுமில்லை. அடுப்படியில் தனியாகப் புகை குடிப்பதைவிடப் பட்டறையில் நாலு பேர் பேச்சைக் கேட்டுக்கொண்டு புகை குடிப்பது மேல்தானே.

கலப்பைக் கொழுவும் கொடுவாளும் யார் வேண்டுமானாலும் அடிப்பார்கள். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சல்லடை. சீமை எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, சுண்ணாம்பு தோய்த்த நூலைச் சுண்டிக் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போடுவார். தகட்டைப் புளியங்கட்டை மேல் வைத்து, இடது கையில் உளி, வலது கையில் சுத்தியல். கோடும் கோடும் வெட்டுகிற இடத்தில் ஒரு தட்டு, ஒரு துளை. ஒரு சல்லடைக்கு ஆயிரத்துக்கு மேல் தட்ட வேண்டும்.

சல்லடை வேண்டுமென்று வருகிறவர்கள் தங்கள் காட்டில் விளைந்த தானியத்தில் ஒரு கைப்பிடி கொண்டுவர வேண்டும் என்பது அவர் வைத்திருந்த சட்டம். கேழ்வரகு ஒரு பருமன், சாமை ஒரு பருமன், அதிலும் மேட்டுக்காட்டுச் சாமை வேறு, மலைச் சாமை வேறு என்பார். ஒவ்வொரு பருமனுக்கும் ஓர் உளி. கொண்டுவந்த தானியத்தை உள்ளங்கையில் பரப்பிப் பார்த்துவிட்டுத்தான் உளியை எடுப்பார். தூசியும் மண்ணும் கீழே போக வேண்டும், தானியம் மேலேயே நிற்க வேண்டும். சித்தேரி மலையிலிருந்து புளியும் கடுக்காயும் கொண்டு இறங்குகிறவர்கள் போகும்போது எங்கள் சல்லடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவதை வாசலில் நின்று பார்ப்பேன். எனக்கு அப்போது ஏகப்பட்ட கர்வம். அவருக்கு இல்லாத கர்வத்தையும் சேர்த்து நானே பட்டுக்கொண்டேன்.

யுத்தம் தொடங்கின சமயம் அவர் இடது கட்டைவிரல் நகம் கறுத்துப்போயிருந்தது. கேட்டால், பராக்குப் பார்த்துவிட்டேன் என்றார். அந்த நகம் விழுந்து புது நகம் முளைப்பதற்குள் ஆள்காட்டி விரல் நகம் கறுத்தது. சுத்தியலும் அவரும் சேர்ந்தே பிறந்தவர்கள் போல இருந்தவர், அப்படியெல்லாம் பராக்குப் பார்க்கிற ஆள் இல்லை. பிறகு கவனித்தேன். வாசலில் யாராவது வந்து நின்றால், அவர்கள் வாய் திறக்கிறவரை இவர் வாங்க என்று சொல்வதில்லை. சோற்றில் கல் கிடந்தால் பல்லில் பட்டபிறகுதான் தெரிகிறது. ஒருநாள் காலையில் வெயில் முகத்தில் விழுந்தபோது பார்த்தேன், இரண்டு கருமணிகளிலும் பால் கலந்தது போல வெண்மை படர்ந்திருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் உலையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த கண்.

எனக்குத் தெரியும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை. தனக்கு மங்குகிறது என்று அவரும் என்னிடம் சொல்லவில்லை. கண் தெரியாத கொல்லனிடம் யார் சல்லடை வாங்குவார்கள்? கடத்தூரில் வேறு பட்டறை இல்லையா? ஆனால் பட்டினியைவிட எனக்கு வேறு பயம்தான் பெரிதாக இருந்தது. வேலை இல்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கிற அவர் முகத்தை என்னால் மனசில்கூடக் கொண்டுவர முடியவில்லை. அந்தப் பயத்தையெல்லாம் கோபமாக மாற்றி, உப்புக்கும் புளிக்கும் அவரிடம் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். பாவம், எதற்காக என்று தெரியாமலே வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அறுவடை முடிந்த சமயத்தில் சித்தேரிக்காரர் ஒருவர் சல்லடையைத் திருப்பிக் கொண்டுவந்தார். நெட்டையான மனிதர், ஒவ்வொரு வருஷமும் எங்களிடமே வாங்குகிறவர். சத்தம் போடவில்லை. சல்லடையைக் கட்டை மேல் வைத்துவிட்டு நின்றார்.

"கேவுருக்குன்னு சொல்லித்தானுங்க வாங்கிக்கிட்டுப் போனன். கேவுரு பூராவும் மண்ணோடயே கீழ போயிருச்சுங்க. வூட்ல ரெண்டு நாளா அதையே பொறுக்கிக்கிட்டு இருக்கறாங்க."

பெரிய துளை போடுகிற சாமை உளியால் இவர் கேழ்வரகுச் சல்லடை போட்டிருந்தார். அவருடைய இருபது வருஷத்துக்கு மேலான தொழிலில் நடக்காத தப்பு. அவர் கை அந்தத் துளைகளைத் தடவிக்கொண்டே நின்றது. நான் துருத்தியை விட்டுவிட்டு எழுந்தேன்.

"அது என் தப்புங்கண்ணா. உளிய நான்தான் மாத்தி எடுத்துக் குடுத்துட்டேன். அவரு நம்பி வாங்கி அடிச்சிட்டாரு" என்றேன்.

சித்தேரிக்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அடுத்த தையில் வேறொன்று வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போய்விட்டார். உளியை நான் எடுத்துக் கொடுக்கவில்லை என்பது எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் தெரியும். மறுநாள் காலையில், "துளை போடறதுக்கு ஒரு மிசினு பண்ணப்போறன் புள்ள. கையில தட்டிக் கட்டுப்படியாகல" என்றார்.

அந்த வருஷம் மழைக்காலம் முழுக்க அதுவே வேலை. யுத்தக் காலம், நல்ல இரும்பு கண்ணிலேயே படாது. முதலில் லாரிக்கு அடியில் இருக்கும் பட்டை வில்லை வளைத்துக் கழுத்து செய்தார். இருசை அழுத்தினால் தகடு துளைபடுவதற்குப் பதிலாகக் கழுத்து மேலே விரிந்து கொட்டாவி விட்டது. வளைந்துகொடுக்கிற இரும்பு இதற்கு ஆகாது என்று, தண்டவாளத்திலேயே வெட்டிக் காய்ச்சி இரண்டாவது கழுத்து அடித்தார். பழைய அரத்தைத் தீட்டித் துளை உளி. உளி இறங்கிப் போவதற்குக் கீழ்த்தட்டில் ஒரு குழி. குழி உளிக்கு அச்சாகப் பொருந்த வேண்டும், தலைமுடிகூட நுழையக் கூடாது என்று பெருமையாகச் செய்தார். பத்தாவது துளையிலேயே உளி நுனி சில்லு தெறித்தது.

வெட்டுப்பட்டு விழுந்த தகட்டுப் பொட்டுகளை எடுத்து விரலுக்கிடையில் உருட்டிக்கொண்டே இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார். விளிம்பு கிழிந்திருக்கிறது என்றார். குழியை ஒரு காகிதக் கனம் அகட்டினார். அதற்கப்புறம் உளி குழியில் இறுகிக்கொள்ளாமல் போய்வந்தது, பொட்டும் வழுவழுப்பாக விழுந்தது. எவ்வளவு அகட்டுவது என்பதைக் கண்ணால் அல்ல, அந்தப் பொட்டின் விளிம்பைத் தடவித்தான் முடிவு செய்தார். நான் பார்த்துக்கொண்டே துருத்தி ஊதினேன்.

அடுத்த தொல்லை, உளி மேலே வரும்போது தகட்டையும் கவ்விக்கொண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் தகடு தொங்கி, வளைந்து, பாழாகும். பொறுக்காமல் நான் போய் உளிக்கு இரண்டு பக்கமும் என் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வைத்துத் தகட்டை அமுக்கிப் பிடித்தேன். உளி சுத்தமாகக் கழன்று மேலே போயிற்று.

"பார்த்தீங்களா, எவ்வளவு சுளுவு" என்றேன்.

என் கை அங்கே இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "கையை எடுறீ" என்று அவர் போட்ட சத்தம் சந்தைவரைக்கும் கேட்டிருக்கும். இருசை விட்டுவிட்டார். அப்புறம் என் கையைப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருந்த இடைவெளியைத் தன் விரலால் அளந்தார். மறுநாள் உளிக்கு இரண்டு பக்கமும் தகட்டை அமுக்கிப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரல் வைத்த ஓர் இரும்புத் துண்டு கழுத்தில் ஏறியது. அதற்கு அவர் வைத்த பெயர் 'உன் கை'. "உன் கைக்குக் கொஞ்சம் எண்ணெய் போடு", "உன் கை லூசாயிருச்சு" என்று அவர் சொல்லும்போதெல்லாம் பட்டறைக்கு வந்தவர்கள் முழிப்பார்கள்.

கடைசியாக அவர் சேர்த்தவற்றைப் பார்த்துத்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. உளிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன முளை. முன்பு போட்ட துளையில் அது டக்கென்று போய் உட்கார்ந்தால்தான் அடுத்த துளை சரியான தூரத்தில் விழும். வரிசை மாறுவதற்குப் பக்கவாட்டில் பல்லு வெட்டிய ஒரு பட்டை. கட்டைவிரலால் நெம்பினால் ஒரு பல்லு நகரும். ஒவ்வோர் உளியின் தலையிலும் அரத்தால் கீறல். கேழ்வரகுக்கு ஒன்று, சாமைக்கு இரண்டு, தினைக்கு மூன்று.

"சுண்ணாம்புக் கோடு போட வேண்டாமாங்க?" என்று கேட்டேன்.

"கோடு எதுக்கு? மிசினுக்கே தெரியும்."

அந்த இயந்திரத்தில் கண்ணுக்கு வேலையே கிடையாது. ஒவ்வொன்றும் விரலுக்கும் காதுக்கும் என்று யோசித்து வைத்தது. தன் கண் முழுசாகப் போய்விடும் என்று தீர்மானம் செய்துகொண்டு, அந்த நாளுக்காக அவர் செய்துவைத்த இயந்திரம் அது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்து அவர் கேட்டார்: "பார்க்க எப்பிடி புள்ள இருக்குது?"

கொட்டாவி விட்ட பழைய கழுத்தின் மிச்சம் ஒருபுறம், கோணல் ஆணிகள் ஒருபுறம், சாணியில் விழுந்து எழுந்த எருமை மாதிரி அது நின்றது.

"தேரு மாதிரி இருக்குதுங்க" என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, சொன்ன பொய்க்காக நான் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. அதன் பிறகு டக், டக் என்று முளை உட்காரும் சத்தமும், பொட்டுகள் கீழே டப்பாவில் உதிரும் சத்தமும்தான் எங்கள் பகல் முழுக்க. என் வாழ்க்கையில் மிகவும் சந்தோஷமாக இருந்த காலம் எது என்று கேட்டால் அந்த நாட்களைத்தான் சொல்வேன். அவர் நகங்கள் எல்லாம் வெள்ளையாக வளர்ந்துவிட்டன.

தை பிறந்ததும் சித்தேரிக்காரர் வந்தார், ஒரு கைப்பிடி கேழ்வரகோடு. இவர் அதை உள்ளங்கையில் பரப்பி, பார்ப்பது போலக் குனிந்து, விரலால் நிமிண்டினார். ஒற்றைக் கீறல் உளியைத் தடவி எடுத்தார். மதியத்துக்குள் சல்லடை தயார்.

போன வருஷம் ஏமாந்தவர் அல்லவா, சித்தேரிக்காரர் சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. சல்லடையை வாசலுக்கு எடுத்துப்போய், வெயிலில் குந்தி உட்கார்ந்து, தரைக்கு ஒரு சாண் மேலே பிடித்தார். மெழுகிய தரையில் நிழலுக்குள் வரிசை வரிசையாக வெளிச்சப் புள்ளிகள் விழுந்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை. கோடு போட்டு அடித்த காலத்தில்கூட அப்படி வந்ததில்லை.

"அண்ணா, வந்து பாருங்க. வரிசை தப்பாம என்னா அழகா வுழுந்திருக்குதுங்க" என்று கூப்பிட்டார்.

இவர் வெளியே வந்தார். புள்ளிகள் அவர் காலடியிலேயே கிடந்தன. அவரோ எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க, சுத்தமா வுழுந்திருக்குது" என்றார்.

சித்தேரிக்காரர் சல்லடையை மெதுவாக இறக்கினார். சுவரைப் பார்த்தார், இவர் கண்களைப் பார்த்தார், என்னையும் பார்த்தார். போன வருஷம் நான் சொன்ன பொய் அவருக்கு அப்போது விளங்கியிருக்க வேண்டும். எழுந்து சல்லடையை அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"எங்க மலையில ஒருத்தருக்கு இப்பிடித்தானுங்க ரெண்டு கண்ணும் மறைச்சிருச்சு. சேலத்துக்குப் போயி, கண்ணைக் கீறி, மறைச்ச படலத்தை எடுத்துக்கிட்டு வந்தாரு. இப்ப அவரே வெதைக்கிறாரு, அவரே அறுக்கிறாரு. எதுக்கும் சொல்லி வைக்கிறனுங்க" என்றார். வேறெதுவும் கேட்காமல் நடந்தார். அந்த விஷயம் அவர் வாயிலிருந்து ஊரில் ஒருவருக்கும் போகவில்லை.

என் வீட்டுக்காரர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "உனக்கு எப்ப தெரியும்?" என்றார்.

"கட்டைவிரலு கறுத்தப்பவே."

"அதுக்குத்தான் தெனமும் என்னைத் திட்டுனியா?"

"பின்ன எதுக்கு?"

சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அவர் கண்ணைக் கீறிவிட்டு, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையக் கூடாது என்று படுக்கப் போட்டார்கள். இருந்த மங்கல் வெளிச்சமும் போய்விடுமோ என்று நான் வேண்டாத தெய்வம் இல்லை. கட்டு அவிழ்த்து, பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி ஒன்று மாட்டிவிட்டார்கள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மைல்கல்லை எண்ணிக்கொண்டே வந்தார், குழந்தைபோல.

ஊரில் இறங்கி நேராகப் பட்டறைக்குத்தான் போனார். இயந்திரத்தின் முன்னால் நின்றார். ஒரு சுற்று சுற்றிவந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு சுற்று.

"இதையா புள்ள தேருன்னு சொன்ன?"

"ஆமாங்க."

"நானும் தேர் ஓட்டற நெனப்புலயே இருசை இழுத்துக்கிட்டு இருந்திருக்கறனே." சிரிக்க ஆரம்பித்தவருக்கு நிறுத்த முடியவில்லை. கண்ணுக்கு ஆகாது என்று நான் அதட்ட வேண்டியதாயிற்று. பிறகு, "இதைத் தூக்கிப் போட்டுட்டு, பார்க்க லட்சணமா புதுசா ஒண்ணு பண்ணறன்" என்று சொல்லிக்கொண்டே குனிந்தவர், உளிக்குப் பக்கத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

என் கையை இழுத்து, அந்த இரும்பு விரல்களின் மேல் வைத்தார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அவற்றின்மேல் அப்படியே படிந்தன. உலைத் தீப்பொறி பட்டுத் தழும்பேறின என் கையை, அவர் அத்தனை கிட்டத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இது ஒண்ணுதான் அளவு தப்பல" என்றார்.

புது இயந்திரம் செய்ய நான் விடவில்லை.