அண்ணன் கண்ட நட்சத்திரம்

மாடியிலிருந்து அண்ணன் என்னைக் கூப்பிட்ட சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. கோயிலில் கருடசேவை பார்த்துவிட்டுச் செவிலிமேட்டு வீட்டுக்கு வந்து அப்போதுதான் செருப்பைக் கழற்றினேன். "மேல வாப்பா, சீக்கிரம்!" கணினித் திரையில் இரண்டு படங்கள். போன மாதம் எடுத்ததில் வெகு தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலம் மட்டும். முந்தின இரவு எடுத்ததில் அதன் ஓரத்தில் புதிதாக ஒரு வெள்ளைப் புள்ளி. "வெடிச்ச நட்சத்திரம்பா. நம்ம காஞ்சிபுரத்துலேர்ந்து!" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. அண்ணன் தாலுகா ஆபீஸில் எழுத்தர். பதவி உயர்வு தள்ளிப்போனபோதும், குழந்தை இல்லை என்று உறவுக்காரர்கள் ஜாடை பேசியபோதும், தானே கண்ணாடி தேய்த்துச் செய்த தொலைநோக்கியோடு மாடியில் போய் நின்றுகொள்வார். அண்ணி பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. நட்சத்திர ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டும் கருவி ஒன்றை அவரே செய்திருந்தார்: ஒரு பிளைவுட் பெட்டி, இரண்டு சவர பிளேடுகளுக்கு நடுவே மயிரிழை இடுக்கு, நுண்கோடுகள் கீறிய சின்னக் கண்ணாடி, ஒரு கேமரா. அண்ணன் கண்ட புள்ளி நிஜமாகவே வெடித்ததா என்பதை அந்தப் பெட்டிதான் சொல்ல முடியும்.

அண்ணனுக்கு இருட்டும்வரை பொறுமை இல்லை. பிரவுசிங் சென்டருக்குப் போய் வெளிநாட்டு வானியல் ஆர்வலர் குழுவுக்கு, நட்சத்திரம் வெடித்ததாக எழுதிவிட்டார். தெருவெல்லாம் இனிப்பு கொடுத்தார். மறுநாள் போட்டோ எடுக்க வருவதாக உள்ளூர் நிருபர் சொல்லியிருந்தார். இருட்டியதும் அண்ணி பெட்டியைத் தொலைநோக்கியில் மாட்டினார். வெடித்த நட்சத்திரம் என்றால் ஒளியில் அகலமான மேடுபள்ளங்கள் தெரிய வேண்டுமாம். திரையில் வந்ததோ ஊசிபோல மெல்லிய கோடுகள். அண்ணி தொலைநோக்கியை வேறொரு நட்சத்திரத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி இங்கே திருப்பினார்.

"இது அந்த மண்டலத்துல இல்லீங்க. நமக்குக் கிட்டத்துல இருக்கிற நட்சத்திரம். அப்பப்ப பொங்கி அடங்கும். குறுக்கால நிக்குது, அவ்ளோதான்."

"உன் பெட்டி சரியில்ல," என்றார் அண்ணன்.

"தெரிஞ்ச நட்சத்திரத்த வச்சி சரிபார்த்துட்டுத்தான் சொல்றேன். எழுதினத நீங்களே வாபஸ் வாங்கிடுங்க."

அண்ணன் இறங்கிப் போனார். காலையில் கடை திறக்கும் முன்பே பிரவுசிங் சென்டர் வாசலில் நின்றார். தவறு தன்னுடையது என்று எழுதினார். நிருபருக்கு போன் செய்து வர வேண்டாம் என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். அவர் குரல் நடுங்கவே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதன் பிறகு அவர் மாடி ஏறவில்லை. அண்ணியோடு சண்டையும் போடவில்லை. கரண்ட் பில், காய்கறி என்று அளவாகப் பேசிக்கொண்டார். அண்ணி தனியாக ஏறினார். எந்தெந்த நாட்டிலோ யார் யாரோ கண்டுபிடித்த புள்ளிகளைப் பார்த்து, ஆம், இல்லை என்று எழுதி அனுப்பினார். ஒருமுறை நிஜமான வெடிப்பின் ஒளியே கிடைத்துவிட்டது. படியில் ஓடிவந்து, "ஒரு தடவ வந்து பாருங்களேன்," என்றார். அண்ணன் கையிலிருந்த செய்தித்தாளின் அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

அண்ணன் காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றன. அன்று சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று சமீபத்தில்தான் அண்ணியிடம் கேட்கத் துணிந்தேன்.

"வேற யாராவது சொல்லியிருப்பாங்க தம்பி. ஊருக்கு முன்னால அவரு தலைகுனியக் கூடாது, வீட்டுக்குள்ளயே முடிஞ்சிடட்டும்னு நெனச்சேன்." ஆறிப்போன காபியை ஓரமாக நகர்த்தி வைத்தார். "எங்கிட்ட தோத்துட்டதாவே நெனச்சிக்கினு போயிட்டாரு."