மார்பைத் திறக்க வேண்டாம்

ஃபிரீஸ்லாந்துக் கடற்கரையில் ஒரு துறைமுக ஊர். அங்கே தீவுப் படகுக்கு முப்பத்தோரு வருஷம் சீட்டுக் கொடுத்தவள் தியூகே. வாயாடி என்று பெயர் எடுத்தவள். வரிசையில் இடித்துக்கொண்டு வரும் ஜெர்மன் பயணிகளை ஒரே வார்த்தையில் பின்னுக்கு அனுப்பிவிடுவாள். அவளுடைய எண்பத்தோராவது வயதில் கணவர் ஹெஸ்ஸெல் இறந்துபோனார். அன்றோடு அவள் பேச்சு குறைந்துவிட்டது.

அவள் அழவில்லை. அடக்கத்துக்கு வந்தவர்களுக்குச் சர்க்கரை ரொட்டியை ஒரே அளவாக நறுக்கி வைத்தாள், காப்பி ஊற்றினாள், நாற்காலிகளைத் திரும்ப அடுக்கினாள். என்ன மனத்திடம் என்று பக்கத்து வீட்டு ஃப்ரௌகே வியந்தாள். திடம் என்று எதுவும் இல்லை. உள்ளே எதுவும் கிளம்பவில்லை, அவ்வளவுதான்.

பதினோரு மாதம் கழித்து, கடலைத் தடுக்கும் புல்மேட்டில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறும்போது கண் இருட்டி ஆடுகளுக்கு நடுவே விழுந்தாள். பரிசோதனையில் இதயத்தின் வால்வு ஒன்று சுண்ணாம்பு படிந்து சுருங்கியிருப்பது தெரிந்தது. மகள் லீஸ்பெத் லீவு போட்டுவிட்டு வந்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள்.

இதய டாக்டர் டெர்ஹார் நல்ல மனுஷர், ஆனால் அவசரக்காரர். கம்ப்யூட்டர் திரையை லீஸ்பெத் பக்கமாகத் திருப்பிவைத்துக்கொண்டு விளக்கினார். தொடை வழியாகக் குழாய் விட்டுப் புது வால்வைப் பொருத்திவிடலாம். பொருத்தாவிட்டால் இந்த நிலையில் இருப்பவர்களில் பாதிப்பேர் இரண்டு வருஷம் தாண்டுவதில்லை. லீஸ்பெத் கேள்வி கேட்டாள், குறித்துக்கொண்டாள், மறுபடி கேட்டாள். தியூகே டாக்டரின் ஷூவில் அவிழ்ந்திருந்த நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். “நீங்க என்ன சொல்றீங்கம்மா?”

“நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படியே.”

தேதி குறித்தார்கள்.

அதற்கு ஒரு வாரம் முன்பு, வயதான நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் நர்ஸ் வெண்டெலா வீட்டுக்கு வந்தாள். ஐம்பது வயதிருக்கும், மழையில் நனைந்த கோட்டோடு வந்து நின்றாள். கூடத்தில் தியூகேயை நடக்கவிட்டு நேரம் பார்த்தாள். கடிகாரம் ஒன்று வரையச் சொன்னாள். இதெல்லாம் முடிந்த பிறகு காப்பிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இந்த வால்வு வச்சா உங்களுக்கு என்ன நடக்கணும்னு நினைக்கறீங்க?”

தியூகே யோசித்துப் பார்த்தாள். “ஒண்ணுமில்ல.”

வெண்டெலா அதை எழுதிக்கொள்ளவில்லை. ஜன்னலில் மழை அடித்துக்கொண்டிருந்தது. இந்தச் சிகிச்சை கட்டாயமில்லை, வேண்டாம் என்றும் சொல்லலாம், சொன்னாலும் மருந்து தருவோம், வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்று நிதானமாகச் சொன்னாள். பிறகு, எதையாவது நினைத்துப் பயமாக இருக்கிறதா என்று கேட்டாள்.

பயமும் இல்லை என்றுதான் தியூகே சொல்ல வந்தாள். ஆனால் வாயிலிருந்து வேறு ஏதோ வந்தது. ரொட்டிக் கடைக்காரன் விலை சொல்வதுபோல ஒரே குரலில் சொல்லிக்கொண்டு போனாள்.

ஹெஸ்ஸெலின் காறை எலும்புக்குக் கீழே ஒரு பெட்டி வைத்திருந்தார்கள். இதயம் தாறுமாறாகத் துடித்தால் மின் அதிர்ச்சி கொடுத்து நேராக்கும் கருவி. ஒன்பது வருஷம் அது சும்மாதான் இருந்தது. பிறகு புற்றுநோய் வந்து, இனி செய்ய ஒன்றுமில்லை என்று அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். கடைசி நாள் மத்தியானம் அவர் பாதி மயக்கத்தில் இருந்தார். தியூகே அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். திடீரென்று அவர் உடம்பு கட்டிலிலிருந்து எழும்பி விழுந்தது. கண்ணைத் திறந்து, யார் அடித்தது என்பதுபோல அவளைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும். ஆறு தடவை. மூன்றாவது தடவைக்குப் பிறகு அவள் கையை விட்டுவிட்டாள்.

“ஊர் டாக்டர் காந்தம் எடுத்துட்டு வந்து மேல வச்சாரு. அப்புறம் நின்னுச்சு. இதை முன்னாடியே அணைச்சு வச்சிருக்கலாம்னு சொன்னாரு. அணைக்க முடியும்னே எங்களுக்குத் தெரியாது. அணைக்கட்டுமான்னு யாரும் கேக்கல.”

வெண்டெலா பேனாவை மேசைமேல் வைத்தாள்.

“உங்க விஷயத்துல கேக்க வேண்டிய கேள்வி ரெண்டு இருக்கு. டாக்டர் கேட்டிருக்கணும்” என்றாள் வெண்டெலா. குழாய் விடும்போது மிக அபூர்வமாக ரத்தக்குழாய் கிழியும். அப்போது உடனே மார்பைப் பிளந்து சரிசெய்யப் பார்ப்பார்கள். இதயம் நின்றால் மார்பை அமுக்குவார்கள், செயற்கை மூச்சு கொடுப்பார்கள். வேண்டுமா வேண்டாமா என்பதை முன்கூட்டியே சொல்லலாம்.

“யார் சொல்றது?”

“நீங்கதான்.”

மறுநாள் தியூகே மருத்துவமனைக்கு போன் செய்து தேதியைத் தள்ளிவைக்கச் சொன்னாள். சாயங்காலம் லீஸ்பெத் கூப்பிட்டாள், குரல் கொதித்தது.

“இந்தத் தேதிக்கு ஜனங்க மாசக்கணக்கா காத்துக்கிடக்கறாங்க. நீ பாட்டுக்கு வேணாம்னு சொல்லிட்ட.”

“அப்ப அதுல ஒருத்தருக்குக் கிடைக்கட்டும்.”

“அம்மா, உனக்குச் சாகணுமா?”

“தெரியல. அதைத்தான் யோசிக்கறேன்.”

இரண்டு வாரம் யோசித்தாள். யோசித்தாள் என்பதுகூடப் பெரிய வார்த்தை. சமையலறையில் உட்கார்ந்திருந்தாள். வாழவேண்டும் என்று ஒரு ஆசை எழுந்தால் அதைப் பிடித்துக்கொள்ளலாம், செத்தால் தேவலை என்று தோன்றினால் அதையாவது பிடித்துக்கொள்ளலாம். இரண்டும் வரவில்லை. பட்டாணி சூப் வைத்தாள், பாதி குடித்தாள், மிச்சத்தை ஃப்ரௌகேயிடம் கொடுத்தாள். நாலு நாள் முன்பு பாத்திரம் கழுவும்போது மூச்சு வாங்கிக் கீழே உட்கார்ந்தது நினைவுக்கு வந்தது. படுக்கையறை மாடியில், மூன்று மாதமாக அவள் கூடத்து சோபாவில்தான் தூங்குகிறாள். சோபாவில் தூங்குவது அவளுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடிந்தது அந்த ஒன்றைத்தான். அதிலிருந்து ஆரம்பித்து, மின்வாரிய உறை ஒன்றின் பின்பக்கம் எழுதினாள்.

அடுத்த சந்திப்பில் டாக்டரும் வெண்டெலாவும் லீஸ்பெத்தும் இருந்தார்கள். இந்தத் தடவை திரை தியூகேயின் பக்கம் திரும்பியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உறையை வாசித்தாள்.

“தொடை வழியா வால்வு வைக்கலாம். படியேற முடியணும், அதுக்காக. ஏதாவது கிழிஞ்சா மார்பைத் திறக்க வேண்டாம். நின்னுபோனா நின்னுபோகட்டும். அதிர்ச்சி கொடுக்கற எந்தப் பெட்டியும் என் உடம்புல எப்பவும் வேண்டாம்.”

டாக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். மார்பைத் திறந்தால் சிலரைக் காப்பாற்ற முடிகிறது என்றார்.

“காப்பாத்தி, எங்க கொண்டுபோய் விடுவீங்க?”

டாக்டர் உள்ளதைச் சொன்னார். அவள் வயதில் அப்படிப் பிழைப்பவர்கள் குறைவு. பிழைத்தாலும் பல மாதம் பராமரிப்பு இல்லம்தான்; வீடு திரும்புவது சந்தேகம். சொல்லிவிட்டு, அவள் வாசித்ததை ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். எழுதியதை அவளிடம் வாசித்தும் காட்டினார்.

லீஸ்பெத் அழுதாள். “ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்றது? சும்மா பார்த்துட்டு நிக்கணுமா?”

“ஆமா. நான் நின்னேனே” என்றாள் தியூகே.

அப்பா கடைசியில் எப்படிப் போனார் என்று லீஸ்பெத்துக்கு முழுதாகத் தெரியாது. தூக்கத்தில் போனார் என்றுதான் தியூகே சொல்லிவைத்திருந்தாள். அன்று காரில் வீடு திரும்பும்போது, பீட்ரூட் வயல்களுக்கு நடுவே, எல்லாவற்றையும் சொன்னாள். லீஸ்பெத் வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

சிகிச்சை மார்ச் மாதம் நடந்தது. முழு மயக்கம் கொடுக்கவில்லை, விழித்திருந்தாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. எதுவும் கிழியவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து மாடிப்படி ஏறினாள்; நடுவில் ஒரு தடவைதான் நின்றாள். அப்போது ஏதாவது தோன்றும் என்று எதிர்பார்த்தாள். மெத்தை சில்லென்று இருந்தது. தூங்கிவிட்டாள்.

ஆறு வாரம் கழித்து வெண்டெலா போனில் விசாரித்தாள்.

“மூச்சு நல்லா இருக்கு. மத்ததெல்லாம் அப்படியேதான்.”

“அப்படியேன்னா?”

“மரத்துப்போன கால் மாதிரி. நடக்குது, ஆனா என்னோடதுன்னு தெரியல.”

அதற்கும் பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள், வேண்டுமானால் ஏற்பாடு செய்கிறேன் என்றாள் வெண்டெலா. யோசித்துச் சொல்கிறேன் என்றாள் தியூகே. இந்தத் தடவை உண்மையிலேயே யோசிப்பதாகத்தான் சொன்னாள்.

மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, ஊர் டாக்டரிடம் முன்பதிவு செய்துகொண்டு போனாள். உடம்புக்கு என்ன என்று அவர் கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, இந்த ஊரில் உடம்பில் அந்த அதிர்ச்சிப் பெட்டி இருப்பவர்கள் எத்தனை பேர் என்று கேட்டாள். பெயர் சொல்ல முடியாது, பதினொரு பேர் என்றார்.

“அணைக்கலாம்னு அவங்களுக்குத் தெரியுமா?”

டாக்டர் பேனா மூடியைக் கழற்றி மாட்டினார். “ஹெஸ்ஸெலுக்கு அப்புறம் நாலு பேர்கிட்டப் பேசிட்டேன்.”

“மிச்சம் ஏழு பேரு.”

“ஆமா.”

“எப்பப் பேசப் போறீங்க?”

அவர் நாட்காட்டியை எடுத்தார். ஒவ்வொரு வாரமும் ஒருவர் என்று எழுதி முடிக்கும்வரை அவள் எழுந்துகொள்ளவில்லை.

வெளியே காத்திருக்கும் இடத்தில் ஃப்ரௌகே முழங்கால் வலியோடு உட்கார்ந்திருந்தாள். “என்னடி, உனக்கு இங்க என்ன வேலை?” என்றாள்.

“கொஞ்சம் பேச வேண்டியிருந்தது” என்று சொல்லிவிட்டு, அவள் பக்கத்து நாற்காலியில் தியூகே உட்கார்ந்தாள். ஃப்ரௌகேயின் முறை வரும்வரை இருவரும் முழங்காலைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.