சாயக்காரி வரைந்த வேலுத்தாய்

அம்மை போட்ட பிள்ளையை, தலைக்குத் தண்ணீர் ஊற்றும் முன்பே தூக்கிக்கொண்டு படி தாண்டினவள் ஒரு தாயா என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். வேலுத்தாய் என் கொழுந்தன் தவசியின் பெண்டாட்டி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் எதற்குப் போனாள் என்று எனக்குத் தெரிந்த மாதிரி எதிர்வீட்டுக் கோமதியம்மாளுக்குத் தெரியுமா?

எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் எங்கள் ஊரில் பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் அமெரிக்காக்காரி ஒருத்தி வந்து தங்கினாள். பெயர் ரூத். நாங்கள் சாயக்காரி என்போம். மிளகாய் காயும் களத்தை வரைந்தாள், பருத்தி எடுக்கிற பெண்களை வரைந்தாள். கரிசலுக்கு அவள் கறுப்பைத் தொட்டதே இல்லை. நீலத்தையும் காவியையும் குழைத்துத்தான் இழுப்பாள். பார்த்தால் மழை பெய்து ஓய்ந்த நம் புஞ்சையேதான். முகம் மட்டும் யாருக்கும் வைக்க மாட்டாள். குனிந்த முதுகு, முக்காடு, அவ்வளவுதான். அதனால் ஊரில் ஒருவருக்கும் பயமில்லை.

வேலுத்தாயை மட்டும், மடியில் மகள் பாலம்மாளோடு உட்கார வைத்து நேருக்கு நேராக வரைந்தாள். கடைசியில் கண்ணும் வைத்தாள். எங்கள் காளியம்மனுக்கு வேளார் மண்ணில் சிலை செய்தால் கண்ணைக் கடைசியில்தான் திறப்பார். அப்போது எதிரில் ஆள் நிற்கக் கூடாது. முதல் பார்வைக்குச் சேவல் அறுப்போம். சாயக்காரிக்கு இதெல்லாம் யார் சொன்னது? பட்டப்பகலில், இரண்டு பேரையும் எதிரிலேயே வைத்துக்கொண்டு திறந்துவிட்டாள். சாயம் காய நாளாகும் என்று படத்தை வேலுத்தாய் வீட்டில் சாத்தி வைத்துவிட்டு மதுரைக்குப் போய்விட்டாள்.

அந்த வாரமே பாலம்மாளுக்கு அம்மை. கண் இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன. அடுத்த தெருவிலும் இரண்டு பிள்ளைகளுக்குப் போட்டது. கோயில் பெரியவர் நல்லக்கண்ணு வாசலில், வேப்பிலைக்கு அந்தப் பக்கமாக வந்து நின்றார்.

"படம் காவு கேக்குது, வேலுத்தாய். வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கொண்டா. கண்ணைத் தோண்டிருவோம்."

"அதுல எம்பிள்ளை கண்ணும் இருக்கே, மாமா."

"படத்துலதான இருக்கு?"

"அந்தப் படந்தான காவு கேக்குதுங்கிய?"

கூட நின்ற கோமதியம்மாள், "மகாராணி மாரி உக்காந்தால்லா, இப்பம் ஊரு அழுவுது" என்றாள்.

அவர்கள் போனதும் வேலுத்தாய் என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, அதைத் தோண்டுனா இவ கண்ணு தெறக்காமலே போயிரும்லா?"

"கோட்டிக்காரி, சும்மா கெட."

சொன்னேனே தவிர, நானும் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருந்தேன். அதன் மேல் ஒரு பழஞ்சேலையைப் போட்டு மூடினாள். காற்றில் சேலை அசைந்தால்கூடப் பிள்ளையின் முகத்தைப் பொத்துவாள். தவசி மணியாச்சியில் ரயில் வேலையில் இருந்தான். ஆளிடம் சொல்லி அனுப்பியும் வரக் காணோம்.

வெள்ளிக்கிழமை காலையில் படத்தை எடுத்துப்போக அவர்களே வந்தார்கள்; உறுமி மேளச் சத்தம் தெருமுனைக்கு வந்துவிட்டது. நல்லக்கண்ணு கையில் சூரிக்கத்தி. வேலுத்தாய் எழுந்தாள். பிள்ளையை இடுப்பில் வைத்து முந்தானையால் இறுக்கிக் கட்டினாள். படத்தின் மேல் கிடந்த சேலையை உருவி எறிந்தாள்.

"ஏட்டி, என்ன செய்யுத?"

"மணியாச்சிக்குப் போறேன், அக்கா. அவிய அங்கனதான இருக்காவ."

படத்தை நெஞ்சுக்கு முன்னால், அதில் திறந்த கண்கள் வெளியே பார்க்கும்படி பிடித்தாள். வேப்பிலைக் கொத்து தலையில் உரச வாசலைத் தாண்டினாள். உறுமி நின்றது. முதலில் நல்லக்கண்ணுதான் முகத்தைத் திருப்பினார். பிறகு தெருவே சுவரைப் பார்த்து நின்றது. ஒருவரும் தொடவில்லை. அவள் நடுத்தெருவில் பஸ் ரோட்டைப் பார்த்து நடந்தாள்.